தலையங்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓர் இளந்தோழர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். பஞ்சாலைத் தொழிலாளி. இரவு ஷிப்டு முடித்த கையோடு வந்திருக்கிறார். கண் சிவந்திருக்கிறது, தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. கையில் ஒரு நீள நோட்டு.

"அண்ணாச்சி, நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை ஆரம்பிக்கப் போறோம். இலக்கியப் பத்திரிகை. மூணு மாசத்துக்கு ஒண்ணு. தலையங்கம் எழுதிட்டேன். நீங்க ஒரு தரம் பாத்துத் தரணும்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பதினோரு பக்கம்! ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததில் தொடங்கி, அடிமைச் சமுதாயம், நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவம் என்று படிப்படியாக இறங்கி, பத்தாவது பக்கத்தில் இன்றைய இலக்கியத்தின் சீரழிவைச் சாடி, கடைசிப் பக்கத்தின் அடியில்தான் பத்திரிகையின் பெயரே வருகிறது.

"நல்லாத்தான் இருக்கு, தம்பி. வேற என்னென்ன விஷயம் சேந்திருக்கு?"

"அதெல்லாம் இனிமேத்தான் அண்ணாச்சி வாங்கணும். தலைவர்கள்கிட்ட வாழ்த்துச் செய்தி கேட்டிருக்கேன்."

"கைம்முதல்?"

அவர் தரையைப் பார்த்தார். மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. அந்தப் பணத்தில்தான் முதல் இதழுக்குத் தாள்.

தோழர்களே! இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. ஒரு தொழிலாளி வீட்டில் கம்மல் என்பது என்ன? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு. ஆலை மூடினால் இரண்டு மாத அரிசி. அதை எடுத்து அச்சகத்தில் கொடுக்க ஒருவன் துணிகிறான் என்றால், அவன் நெஞ்சில் சொல்லியே தீரவேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். ஆனால் அந்த ஏதோ ஒன்று அந்தப் பதினோரு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதில் இருந்தது முழுக்க முழுக்க நம்முடைய மேடைப் பேச்சு. நாம் பேசியதைத்தான் அவர் நமக்கே திருப்பித் தந்திருந்தார்.

என்னிடம் ஏன் அவர் காட்டினார் என்று கேட்பீர்கள். நான் ஒன்றும் பேராசிரியன் இல்லை. பதினைந்து வயதில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு டிரெடில் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகள் ஈய எழுத்துக் கோத்தவன். கம்ப்யூட்டர் வந்தது, கேஸ் பெட்டிகள் எடைக்குப் போயின, நானும் எழுத வந்துவிட்டேன். ஆனால் அச்சுக் கோப்பவனுக்கு ஒரு விஷயம் தெரியும். பத்திரிகையின் குரல் அவன் விரலுக்குத் தெரியும்.

எப்படி என்கிறீர்களா? ஒவ்வோர் எழுத்துக்கும் பெட்டியில் ஓர் அறை உண்டு. சில ஆசிரியர்களின் கட்டுரையைக் கோக்க உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்திலேயே ஆச்சரியக்குறி அறை காலியாகிவிடும். பக்கத்து அச்சகத்துக்கு ஓடிப்போய் ஒரு கை அள்ளிக்கொண்டு வா என்று போர்மேன் விரட்டுவார். அப்படி ஓடி ஓடித்தான் எனக்கு அந்த ஊர்த் தெருவெல்லாம் பழக்கம். (இந்தக் கட்டுரையில் எத்தனை என்று எண்ணாதீர்கள், பழக்கதோஷம்.)

1973இல் எங்கள் அச்சகத்தில் ஒரு பத்திரிகை அச்சானது. ஆலைத் தொழிலாளிகளும் தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை செய்தவர்களும் சேர்ந்து நடத்தியது. பதினாறு பக்கம், விலை நாற்பது காசு. முதல் மூன்று இதழும் நான் கோத்தவைதான். என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டால் ஒரு வரிகூட நினைவில்லை. எல்லாம் "எழுக!", "பொங்குக!", "புறப்படுக!" என்ற ரகம். கவிதையும் அதுவே, கதையும் அதுவே. கதையில் வரும் சங்கத் தலைவர் கடைசிப் பத்தியில் நியாயத்தைச் சொல்லி முடிப்பார். அச்சடித்த கட்டில் பாதி சங்க அலுவலகத்து மூலையில் கிடந்தது.

நாலாவது இதழ் ஓடிக்கொண்டிருந்தபோது ஆசிரியராக இருந்த தோழர் ஒரு மறியலில் கைதாகிவிட்டார். பாரத்தில் ஒன்றரைப் பக்கம் காலி. மிஷின் காத்திருக்கிறது. போர்மேன் என்னைப் பார்த்து, "என்னத்தையாவது வச்சி ரொப்புடா" என்றார். வேண்டாமென்று ஒதுக்கிய கட்டில் கையை விட்டேன். ஒரு சைடரின் கடிதம் வந்தது. நூற்பு இலாகாவில் அறுந்த நூலை முடிந்துகொண்டே போகிறவர். இரவு மூன்று மணிக்குக் கண் தூங்கிவிடும், ஆனால் விரல் தூங்காது, அது பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் என்று எழுதியிருந்தார். வீட்டுக்குப் போய் மகள் தலையைத் தடவினாலும் அந்த விரல்கள் அவள் மயிரைப் பிடித்து முடியப் பார்க்கின்றனவாம். அதற்குப் பயந்துகொண்டு அவளைத் தொடுவதில்லை என்று முடித்திருந்தார். கோரிக்கை எதுவும் இல்லை. பிழை மலிந்த தமிழ். நான் பிழையைக்கூடத் திருத்தவில்லை, நேரமில்லை.

அந்த இதழைத்தான் கேட்டு வாங்கினார்கள். டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். சில பெண்கள் புருஷன்மார் கையைப் பார்த்தார்களாம். ஜாமீனில் வந்த ஆசிரியருக்கு முதலில் கோபம், "யாரைக் கேட்டுப் போட்டே?" என்று என்னை உலுக்கி எடுத்துவிட்டார். பிறகு அவரே அந்தச் சைடரின் வீட்டுக்குப் போய் இன்னொன்று எழுதச் சொன்னார். ஏழாவது இதழோடு பத்திரிகை நின்றுபோனது என்பது வேறு கதை. ஆனால் ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்றும் பத்திரிகையாக இருந்தன.

என் கதை சின்னது. பெயர் பெற்ற பத்திரிகைகளின் கதையைப் பார்த்தாலும் இதே சங்கதிதான். 'மணிக்கொடி' என்றால் இன்றைக்கு எல்லோரும் சிறுகதை என்பார்கள். 1933 செப்டம்பரில் ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் அதைத் தொடங்கியபோது அது ஓர் அரசியல் வாரப் பத்திரிகை. தேச விடுதலையின் முழக்கம் அதில் இருந்தது; இருக்கவும் வேண்டியதுதான். மூவரும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். சொக்கலிங்கம் 1934இல் 'தினமணி'க்கு, வ.ரா. கொழும்பு 'வீரகேசரி'க்கு. கொடி சாய்ந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் பி.எஸ். ராமையா அதைக் கையில் எடுத்து 1935இல் கதைப் பத்திரிகையாக மாற்றினார். புதுமைப்பித்தன், கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, மௌனி என்று தமிழ்ச் சிறுகதையின் பெரும் பெயர்கள் அந்தப் பக்கங்களில் எழுதினார்கள். தொடங்கியவர்கள் நினைத்த குரல் ஒன்று. பத்திரிகை கண்டுகொண்ட குரல் வேறொன்று. முதல் இதழின் தலையங்கத்தைப் படித்து யாராவது இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியுமா?

வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கினார். விமர்சனத்துக்காக நடத்த வந்த பத்திரிகை அது. ஆனால் அதன் பெயரை நிலைநாட்டியது புதுக்கவிதை. திருகோணமலையிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன், தருமு சிவராமு என்று பெயர், கவிதையும் விமர்சனமும் எழுதி அனுப்புகிறான். செல்லப்பா அவன் வயதைக் கேட்டாரா, யார் சிபாரிசு என்று கேட்டாரா? 1960 முதல் அவன் எழுத்தை மூத்தவர்களின் எழுத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். அவனே பின்னாளில் பிரமிள். தபாலில் வந்ததைத் திறந்த மனத்தோடு படித்த ஒரே காரணத்தால் 'எழுத்து'க்குக் குரல் வந்தது.

செல்லப்பாவோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. தன் பத்திரிகை இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் போகாது என்று முன்கூட்டியே அறிவித்தவர் அவர். ஏன் இந்தக் கதவடைப்பு? உழைக்கிற மனிதன் ஒருவன் இரண்டாயிரத்து ஒன்றாவது ஆளாக வந்து நின்றால் திருப்பி அனுப்புவதா? எளிதில் புரியாததே உயர்ந்தது என்ற எண்ணம் இங்கேதான் சிலருக்கு ஏற்பட்டது. அதனால் சிறு பத்திரிகைக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பியது. அந்தச் சுவர் இன்றும் முழுதாக இடியவில்லை. ஆனால் அந்த மனிதரின் நேர்மையைக் குறை சொல்ல நாக்கு எழாது. 1970 வரை 119 இதழ்கள். புத்தக மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பரிசுகளைத் தேடிப் போகவில்லை, வந்ததையும் மறுத்தார். 1998இல் அவர் இறந்த பிறகுதான் சாகித்ய அகாதமி அவர் நாவலுக்குப் பரிசு கொடுத்தது. நம்முடைய முகாமில் இல்லாதவர்தான். ஆனாலும் தான் நம்பியதற்காகச் சுமை தூக்கிய ஒருவரை நாம் மதிக்க வேண்டும்.

நம் முகாமுக்கு வருவோம். திருநெல்வேலியில் ரகுநாதன் 1954 டிசம்பரில் 'சாந்தி'யைத் தொடங்கினார். கைத்தறி நெசவாளரின் பட்டினியைப் 'பஞ்சும் பசியும்' என்று நாவலாக்கியவர் அவர். அந்தப் பத்திரிகை புதுமைப்பித்தன் நினைவாக வைத்த சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்ற கதை 'தண்ணீர்'. எழுதியவர் அப்போது அறிமுகமாகாத இளைஞர் சுந்தர ராமசாமி. சென்னையில் விஜயபாஸ்கரன் 1955 முதல் 1962 வரை 'சரஸ்வதி'யை நடத்தினார். இடைசெவல் கரிசல் காட்டு விவசாயி கி. ராஜநாராயணன் 1958இல் கதை எழுதி அனுப்பியபோது, அந்தப் பேச்சுத் தமிழைப் பார்த்து முகம் சுளிக்காமல் அச்சேற்றியது 'சரஸ்வதி'. ஜெயகாந்தனின் கதைகளுக்குக் கண்டனக் கடிதங்கள் வந்தபோதும் அடுத்த கதையைக் கேட்டு வாங்கியது. எதிர்க்கரையில் நின்ற க.நா.சு.வுக்கும் பக்கம் கொடுத்தது.

இதை நம்மவர்களில் சிலர் அன்று ரசிக்கவில்லை. "இவர்களுக்கெல்லாம் ஏன் இடம்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், அந்த இடத்தைக் கொடுத்ததால்தான் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் 'சரஸ்வதி'யின் பெயரைச் சொல்கிறோம்.

இந்த வரிசையில் நான் கடைசியாகச் சொல்ல வைத்திருப்பது கடல் கடந்த ஒரு பத்திரிகை. அந்த இளந்தோழரிடம் அன்று காலை நான் அதிக நேரம் பேசியதும் அதைப் பற்றித்தான்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன் என்று ஒரு முடிதிருத்தும் கடை. அதில் கத்தரிக்கோல் பிடித்தவர் டொமினிக். 1927இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் சாதியின் பேரால் இழிவுபடுத்தப்பட்டு, ஐந்தாம் வகுப்போடு வெளியே வந்தவர். நம்முடைய ஜீவா, ப. ஜீவானந்தம், தலைமறைவாக யாழ்ப்பாணம் போயிருந்த நாட்களில் அவரைச் சந்தித்து, அந்தப் பாதிப்பில் தன் பெயரோடு ஜீவா என்று சேர்த்துக்கொண்டார். டொமினிக் ஜீவா ஆனார். கதை எழுதினார். 1960இல் வந்த அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது.

பரிசு வாங்கியாயிற்று, அதோடு சலூனை மூடிவிட்டுப் பெரிய மனிதராகியிருக்கலாம். மாட்டேன் என்றார். 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். எங்கே? அந்தச் சலூனிலேயே! நாற்காலியில் முகச்சவரத்துக்கு ஆள் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து பெஞ்சில் கதையோடு எழுத்தாளர் உட்கார்ந்திருக்கிறார். பேராசிரியரும் வருவார், சந்தை வியாபாரியும் வருவார். யாருக்கும் தனி நாற்காலி கிடையாது.

தோழர்களே, சலூனில் வேலை பார்ப்பவரிடம் ஒரு கலை உண்டு. கவனித்திருக்கிறீர்களா? அவர் கை ஓடிக்கொண்டே இருக்கும், காது உங்களிடம் இருக்கும். பத்து ஆண்டு அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றவருக்கு ஊரின் பேச்சு எது, மேடைப் பேச்சு எது என்று பிரித்துச் சொல்லத் தெரியும். ஜீவா அந்தச் சலூனையே தன் சர்வகலாசாலை என்று சொல்லிக்கொள்வார். 'மல்லிகை'யின் குரல் அங்கேதான் பிறந்தது என்பது என் முடிவு.

அந்தக் குரலுக்கு அப்போது எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் மரபுச் சண்டை என்று ஒன்று நடந்தது. கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றவர்கள் உழைக்கும் ஜனங்களின் பேச்சைக் கதையில் அப்படியே எழுதியதைப் பார்த்துப் பண்டிதர்கள் சிலர் "இழிசனர் வழக்கு" என்றார்கள். கவனியுங்கள், இழிசனர்! பேச்சைச் சொல்வதுபோல் ஆளைச் சொன்னார்கள். இதற்கு ஜீவா என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? பதினோரு பக்கத் தலையங்கம் எழுதியிருக்கலாம். அவர் செய்தது வேறு. மாதாமாதம் அந்தப் பேச்சிலேயே கதைகளை அச்சிட்டுக்கொண்டே இருந்தார். மலையகத் தோட்டத்துப் பேச்சு வந்தது. தென்னிலங்கை முஸ்லிம் இளைஞர்களின் பேச்சு வந்தது. சிங்களக் கதைகள் தமிழில் வந்தன. இனப் பகை கொழுந்துவிட்டு எரிந்த ஆண்டுகளில் சிங்கள எழுத்தாளரின் கதையைத் தமிழில் போடுவது லேசான காரியமா? முகப்பில் எழுத்தாளர்களின், கலைஞர்களின் படத்தைப் போட்டார். சினிமா நட்சத்திரத்தின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கதை எழுதுகிறவனின் முகம்! தன் முகத்தை முகப்பில் பார்க்காத சனங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

தலையங்கம் எழுதாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதினார், கட்சிக்காரர்தான், கொள்கையை ஒளித்துக்கொண்டவரும் இல்லை. ஆனால் வாசகர்கள் ஆசையோடு திருப்பிய பக்கம் 'தூண்டில்'. வாசகர் கேட்பார், ஜீவா பதில் சொல்வார். சலூன் பேச்சு அச்சில் வந்தது போல. ஒரு பத்திரிகையாசிரியரின் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. மேடையில் ஆயிரம் பேருக்கு முன்னால் பேசுகிறவன் குரலும், கேள்வி கேட்ட ஒருவனுக்குப் பதில் சொல்கிறவன் குரலும் ஒன்றாக இருக்குமா? சிறு பத்திரிகைக்கு வேண்டியது இரண்டாவது.

விற்பனை? ஏஜென்டுகளை நம்பவில்லை. இதழ்களைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கித் தானே விற்றார். விற்கும்போதுதான் காதில் விழும்: "போன மாசக் கதை நல்லாயில்லை", "அந்தக் கட்டுரை ஒண்டும் விளங்கேல்லை". இந்தச் சொற்கள் சந்தாப் பணத்தைவிட மதிப்புள்ளவை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கிறவர் காதுக்கு இவை வராது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் சாம்பல். பின்னால் போர் வந்தது. தாள் தட்டுப்பாட்டில் கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அங்கே பத்திரிகைகள் அச்சான காலமும் உண்டு. 'மல்லிகை' பின்னர் கொழும்புக்கு இடம் மாறியது. 2012 வரை வந்தது. நானூறு இதழ்களை எட்டியது. 2021 ஜனவரியில், தொண்ணூற்று மூன்றாம் வயதில், டொமினிக் ஜீவா மறைந்தார். நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு தொழிலாளி நடத்திய இலக்கியப் பத்திரிகை! தமிழில் இதற்கு இணையாக இன்னொன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு இளந்தோழர் ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி. "அப்போ பத்திரிகைக்குக் கொள்கை வேண்டாமா அண்ணாச்சி? வந்ததையெல்லாம் போட்டா அது சந்தைக்கடை ஆயிராதா?"

வந்ததையெல்லாம் போடச் சொல்லவில்லை. சொல்லப்போனால் சிறு பத்திரிகை ஆசிரியரின் கொள்கை அவர் திருப்பி அனுப்புவதில்தான் தெரியும். பழகிய தோழர் எழுதிய மோசமான கவிதையைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு நெஞ்சுரம் உண்டா? மாவட்டத்தில் பொறுப்பிலிருக்கிற ஒருவரின் பயணக் கட்டுரையை, "நன்று, ஆனால் எங்கள் பத்திரிகைக்கு உரியதல்ல" என்று சொல்ல முடியுமா? அதைச் செய்கிற அன்றைக்குப் பத்திரிகைக்கு முதுகெலும்பு வரும். அதேபோல, நமக்குப் பிடிக்காத முடிவைச் சொல்கிற ஒரு கதை உண்மையாக எழுதப்பட்டிருந்தால் அதைப் போடவும் நெஞ்சுரம் வேண்டும். முன்னது எளிது என்று நினைப்பீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன், முன்னதுதான் கஷ்டம். பயணக் கட்டுரைக்காரர் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடுவார்!

பொறுப்பிலிருக்கும் தோழர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நமக்கு நாளேடு இருக்கிறது. நாளேட்டுக்கு விடிவதற்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டிய கடமை உண்டு. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை இன்றே, தெளிவாக, உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தப் பக்கமும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கொரு முறை வருகிற இலக்கியப் பத்திரிகைக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அது மெதுவாகப் பார்க்கிற பத்திரிகை. அந்தச் சைடரின் விரலை எந்த நாளேட்டுத் தலையங்கமும் பார்த்ததில்லை. கூலி உயர்வுப் போராட்டத்தில் நாங்கள் ஆயிரம் துண்டுப் பிரசுரம் அச்சடித்தோம்; அவற்றில் இரவு ஷிப்டுப் படிக் கணக்கு இருந்தது, அந்த விரல் இல்லை. இரண்டும் வேண்டும் என்கிறேன். இருக்கிற ஒலிபெருக்கிகள் போதும்.

எனவே, அந்த இளைஞர் வாழ்த்துச் செய்தி கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். ஆண்டுச் சந்தா கட்டுங்கள். வாழ்த்துச் செய்திகளே எட்டுப் பக்கம் வந்த முதல் இதழை நான் கோத்திருக்கிறேன். எட்டுப் பேரின் பிளாக் கட்டைகளை வரிசையாக வைத்துப் பாரம் முடுக்கினோம். வாழ்த்திய எட்டுப் பேரில் ஒருவர்கூடச் சந்தா கட்டவில்லை என்று அந்த ஆசிரியர் பின்னால் சொன்னார்.

செலவு விஷயத்தையும் பேசினோம். முகநூலில் எழுதினால் காசு இல்லையே, எதற்கு அச்சு என்று அவருடைய சிநேகிதர்கள் கேட்கிறார்களாம். அச்சில் வந்ததை ஒருவன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டு இடைவேளையில் இன்னொருவனிடம் கொடுக்கலாம் என்றேன். அது போதுமான பதிலா என்று எனக்கே நிச்சயமில்லை. பதிவு செய்வது பற்றிக் கேட்டார். 1867ஆம் ஆண்டுப் பழைய சட்டம் போய், 2024 மார்ச் 1 முதல் புதிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது, விண்ணப்பம் கம்ப்யூட்டர் வழியாகவே என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தபால் செலவு ஏறிக்கொண்டே போகிறது. 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலையே விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். இருநூறு பிரதிகள் போதும், ஆலை வாசலிலும் டீக்கடையிலும் கையால் கொடுங்கள் என்றேன். இருநூறு விற்றால் அடுத்ததற்கு இருநூற்றைம்பது. கம்மலை முழுசாகத் தாளில் போட்டுவிட வேண்டாம், பாதியை நாளைக்கே மீட்டுவிடுங்கள் என்றேன். அதற்கு அவர் சிரித்தார். கம்மலைப் பாதி எப்படி அண்ணாச்சி மீட்பது என்றார். அதுவும் சரிதான்.

பிறகு அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "தலையங்கத்தைக் கடைசியில் எழுதுங்கள், தம்பி. முதலில் உங்கள் ஷிப்டில் இருக்கிற பத்துப் பேரிடம் ஆளுக்கொரு பக்கம் எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாது என்பவரிடம் கேட்டு நீங்கள் எழுதுங்கள். அவர் சொன்ன சொல்லை மாற்றாதீர்கள். வடக்கேயிருந்து வந்து உங்களோடு அதே ஷிப்டில் வேலை பார்க்கிறாரே, அவரிடமும் கேளுங்கள். மொழி தெரிந்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு ராத்திரி உட்கார்ந்து படியுங்கள். அப்புறம் தலையங்கம் எழுத உங்களுக்கு ஏதாவது மிச்சமிருந்தால் எழுதுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்."

"மிச்சம் இல்லைன்னா?"

"அரைப் பக்கம் தாள் லாபம்."

அவருக்கு முழுத் திருப்தி இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த பத்தி அவருக்கு ரொம்பப் பிடித்தமானது. அதை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா என்று வாசல்படியில் நின்று கேட்டார். என் வீட்டம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே சைக்கிளை எடுத்தார். போனவர், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து, "அண்ணாச்சி, அந்தச் சைடர் இப்பவும் இருக்காரா?" என்று கேட்டார்.

இல்லை. காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகள் பக்கத்து ஊரில் இருக்கிறாள். விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

பத்திரிகைக்கு விலை என்ன, சந்தா எவ்வளவு என்று தோழர்கள் கேட்பீர்கள். இன்னும் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்ததும் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.